புராஸ்டேட் பயாப்ஸி: 5 நாள் சிப்ரோவும் மரத்துப்போகும் ஜெல்லியும் போதுமா?

தாமிரபரணிக்கரை, 02.09.2025, மாலை 6.10

புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் உண்டா என்று பார்க்க ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸிக்கு, கேள்விப்பட்டவரை நடைமுறை இதுதான்: முதல் நாள் இரவு எனிமா, காலை இரவு சிப்ரோஃப்ளாக்சசின் (சிப்ரோ) என்ற ஆன்டிபயாடிக் 500 மி.கி. என்று 5 நாள், செய்யும்போது மரத்துப்போகும் ஜெல்லி. தொற்றும் வராது, வலியும் தெரியாது. தோல் வழியாக ஊசி விடும் புதுமுறையெல்லாம் பில்லை ஏற்றத்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஓ.டி. விளக்கு, 02.09.2025, இரவு 9.35

மூன்றுமே அரைகுறை.

முதலில் ஊசி என்ன செய்கிறது என்று பார்ப்போம். 18 கேஜ் ஊசி (கேஜ் எண் கூடினால் ஊசி மெல்லியது), வில் வைத்த துப்பாக்கி. விசையைத் தட்டினால் சுமார் 22 மி.மீ. பாயும், 17 மி.மீ. அளவுக்கு ஒரு நூல் சதையை எடுத்துக்கொண்டு வரும். வழக்கமாக 12 நூல். எம்.ஆர்.ஐ.யில் சந்தேகப் புள்ளி இருந்தால் அதிலிருந்து இன்னும் 3, 4. மலக்குடல் வழியாகச் செய்தால் ஒவ்வொரு நூலுக்கும் ஊசி மலக்குடல் சுவரைத் துளைத்துத்தான் உள்ளே போகும். சுவரில் ஒட்டியிருக்கும் கிருமி ஊசியோடு போய்ப் புராஸ்டேட்டில் இறங்கும். அங்கே ரத்தக் குழாய்களுக்குப் பஞ்சமில்லை, சிறுநீர்க்குழாயும் பக்கத்திலேயே. ஒரு டஜன் தடவை நாற்று நடுகிற மாதிரிதான்.

இப்போது சிப்ரோ. மலக்குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற கிருமி சிப்ரோவுக்குச் சாகும் காலம் ஒன்று இருந்தது. இன்று இந்தியாவில் நோயாளிகளிடமிருந்து எடுக்கும் ஈ.கோலையில் பாதிக்கும் மேல் அந்த மருந்துக்கு மசிவதில்லை. அதை முன்கூட்டியே 2, 3 நாள் கொடுத்தால் சாகிற கிருமி செத்து, சாகாதது மட்டும் காலி மனையில் குடியேறும். துளைக்கும் நாளன்று சுவரில் இருப்பது அதுதான். ஐரோப்பாவில் 2019 மார்ச்சிலிருந்து இந்த வகை மருந்துகளுக்குச் சிறுநீரக அறுவைகளின் தடுப்பு மருந்து என்ற அனுமதியே கிடையாது. தசைநாண், நரம்புப் பாதிப்புகள் அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

ஓ.டி. விளக்கு, 02.09.2025, இரவு 9.52

எனிமாவை விட்டுவிட்டேன். மலம் போனால் ஸ்கேன் படம் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான் லாபம். எனிமா மட்டும் கொடுத்துத் தொற்று குறைந்ததாக நிரூபணம் இல்லை. தண்ணீர் பட்ட சுவரிலும் கிருமி அப்படியே இருக்கும்.

ஓ.டி. விளக்கு, 03.09.2025, காலை 7.15

“அப்போ எத்தனை நாள் மாத்திரை?” என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு. நாள் கணக்கே தப்பான கணக்கு. ஊசி பாயும் அந்த 10 நிமிடம் மருந்து புராஸ்டேட் சதைக்குள் இருக்க வேண்டும். மறுநாளிலிருந்து 5 நாள் விழுங்குவது கல்யாணம் முடிந்தபின் பந்தல் போடுவது.

சிப்ரோ இல்லாமல் இப்போது புழக்கத்தில் இருப்பவை:

ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் தூள் பொட்டலம். அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில், 1 முதல் 4 மணி நேரம் முன்பு. சாப்பிட்டவுடன் குடித்தால் உறிஞ்சுவது குறையும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் இதன் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், இரண்டையும் சேர்க்கக் கூடாது. 24 முதல் 48 மணி நேரம் கழித்து இன்னொரு பொட்டலம்.

செஃப்ட்ரியாக்சோன் 1 அல்லது 2 கிராம், ஊசியாக ஒரே டோஸ், ஒரு மணி நேரத்துக்குள். ஈ.எஸ்.பி.எல். (இந்த வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதி) சுரக்கும் கிருமியிடம் இது பலிக்காது, நம்மூரில் அந்த ரகம் குறைவில்லை.

அமிக்காசின் கிலோவுக்கு 15 மி.கி. அல்லது ஜென்டாமைசின் கிலோவுக்கு 5 மி.கி., ஒரே டோஸ். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்காமல் போடக் கூடாது. ஈ.எஸ்.பி.எல். ரகத்திலும் அமிக்காசினுக்கு மடிவது கணிசமாக உண்டு என்பதால் நம் ஊருக்கு இது கைகொடுக்கும்.

இரண்டு வகையைச் சேர்த்துக் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் எதைக் கொடுப்பது என்பதை ஊகத்தில் விடாமல், மலக்குடலில் பஞ்சுக் குச்சியால் தடவி ஸ்வாப் எடுத்து ஆய்வகத்தில் பார்ப்பது மேல்.

நுண்ணோக்கி, 05.09.2025, மதியம் 1.20

ஆய்வகப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. “ரெக்டல் ஸ்வாப், கல்ச்சர்” (மலக்குடல் ஸ்வாப், கிருமி வளர்ப்பு) என்று மட்டும் சீட்டில் எழுதி அனுப்பினால் “இயல்பான குடல் கிருமிகள் வளர்ந்தன” என்றுதான் திரும்பி வரும். சரியான ரிப்போர்ட், உபயோகம் சுழியம். “பயாப்ஸிக்கு முன், சிப்ரோவுக்கு எதிர்ப்புள்ள கிருமி, ஈ.எஸ்.பி.எல். இருக்கிறதா பார்க்கவும்” என்று எழுதுங்கள். அப்போதுதான் சிப்ரோ கலந்த மெக்காங்கி அகார் என்ற கிருமி வளர்க்கும் தட்டில் தடவுவோம். அதில் எது வளர்கிறதோ அது சிப்ரோவைச் சட்டை செய்யாத ரகம். அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று மறுநாள் தட்டு வைப்போம். மொத்தம் 2, 3 நாள். வெள்ளிக்கிழமை ஸ்வாப் அனுப்பிவிட்டு சனிக்கிழமை காலை பயாப்ஸி வைக்காதீர்கள், எங்கள் தட்டுகளுக்கு அவசரம் தெரியாது.

பஞ்சில் லேசாவது மலத்தின் நிறம் தெரிய வேண்டும். ஆசனவாய் ஓரத்தைத் தடவி அனுப்பினால் தோல் கிருமிதான் வளரும்.

ஓ.டி. விளக்கு, 05.09.2025, இரவு 10.05

நுண்ணோக்கிக்கு நன்றி. ஒன்று சேர்க்கிறேன்: ஸ்வாப் எடுத்த பிறகு பல்வலிக்கோ சளிக்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அந்த ரிப்போர்ட் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும். ஸ்வாப் கட்டாயம் வேண்டியவர்கள் என்றால் கடந்த 6 மாதத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள், ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள், சிறுநீர் டியூப் போட்டிருப்பவர்கள், முந்தைய பயாப்ஸியில் காய்ச்சல் கண்டவர்கள். மேல்நாட்டுக் கட்டுரைகளில் “தெற்காசியாவுக்குப் பயணம் போய் வந்தவர்” என்பதும் இந்தப் பட்டியலில் உண்டு. நாம் பயணமே போக வேண்டாம், குடியிருப்பே இங்கேதான்.

ஓ.டி. விளக்கு, 06.09.2025, காலை 6.50

மலக்குடல் வழியாகத்தான் செய்வது என்று முடிவானால், மலிவாகவும் உறுதியாகவும் பலன் தருவது போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. 10 சதவீதக் கரைசலில் நனைத்த காஸ் துணியை ஸ்பாஞ்ச் ஹோல்டிங் ஃபோர்செப்ஸில் பிடித்து, மலக்குடல் முன்சுவரை, அதாவது புராஸ்டேட் இருக்கும் பக்கத்தை, நன்றாகத் தடவ வேண்டும். குறைந்தது 2 நிமிடம் ஊற விட வேண்டும். தடவின கையோடு புரோபை (மலக்குடலுக்குள் விடும் ஸ்கேன் கருவி) நுழைத்தால் பலன் பாதி. அயோடினுக்குக் கிருமியைக் கொல்ல நேரம் வேண்டும், மலம் மிச்சமிருந்தால் அதிலேயே செலவாகிவிடும். அதனால் ஒரு மணி நேரம் முன்பு பிசாகோடில் சப்போசிட்டரி (ஆசனவாயில் வைக்கும் பேதி மருந்து) வைத்துக் காலிசெய்யச் சொல்வது நல்லது. மலத்தைக் காலிசெய்வதற்கு இந்த இடத்தில்தான் வேலை.

“மீன், இறால் ஒத்துக்கொள்ளாது, அயோடின் வேண்டாம்” என்பார்கள். இறால் அலர்ஜி இறாலின் புரதத்தால் வருவது, அயோடினுக்குச் சம்பந்தமில்லை. போவிடோன் பட்டுத் தடித்தவர்களுக்கு மட்டும் தவிர்க்கலாம்.

இன்னொரு சின்ன வித்தை: ஒவ்வொரு நூலையும் எடுத்தபின் ஊசி முனையை 10 சதவீத ஃபார்மலினில் முக்கி எடுப்பது. அடுத்த துளைக்கு ஊசி கிருமி குறைந்து போகும் என்பது கணக்கு. சாம்பிள் டப்பாவில் முக்காமல் தனிக் கிண்ணம் வைக்க வேண்டும், இல்லையென்றால் வலது பக்கத்துத் துணுக்கு இடது பக்க டப்பாவில் போய் உட்காரும்.

தாமிரபரணிக்கரை, 07.09.2025, இரவு 8.00

பிடித்தேன் ஒரு ஓட்டை. ஜெல்லியைப் பூசிவிட்டால் போவிடோன் சுவரில் எப்படிப் படும்? எண்ணெய் தேய்த்த உடம்பில் விபூதி பூசுகிற கதையல்லவா?

ஓ.டி. விளக்கு, 07.09.2025, இரவு 8.40

சரியான பிடி. வரிசையை நான் சொல்லவில்லை. முதலில் மரக்கவைக்கும் லிக்னோகெயின் 2 சதவீத ஜெல்லி 10 மி.லி., 10 நிமிடம். பிறகு காய்ந்த காஸால் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு போவிடோன், 2 நிமிடம். பிறகு புரோப். புரோபுக்கு மாட்டும் ஆணுறைக்கு உள்ளே ஸ்கேன் ஜெல் தாராளமாக, வெளியே வழுக்கும் அளவுக்கு மட்டும்.

ஓ.டி. விளக்கு, 09.09.2025, இரவு 11.10

இனி வலி. இங்கேதான் ஜெல்லி கட்சியோடு என் சண்டை.

வலி மூன்று இடத்தில் வருகிறது. ஆசனவாயைப் புரோப் விரிக்கும்போது ஒன்று, ஊசி புராஸ்டேட் உறையைத் துளைக்கும்போது இரண்டு, புராஸ்டேட்டின் கீழ்நுனிப்பக்க நூல்களை எடுக்கும்போது மூன்று. ஜெல்லி முதலாவதுக்குக் கொஞ்சம் உதவும். உறைக்கு வரும் நரம்பை அது எட்டுவதே இல்லை. அதற்கு புராஸ்டேட்டைச் சுற்றி நரம்பை மரக்கவைக்கும் ஊசி, பேச்சில் “பிளாக்”, கட்டாயம் வேண்டும்.

நெடுக்குவெட்டுப் படத்தில் புராஸ்டேட்டின் மேல்பகுதியும் விந்துப்பையும் சேரும் கோணத்தில் வெள்ளை முக்கோணமாகக் கொழுப்பு தெரியும். பனிமலைச் சிகரம் மாதிரி இருப்பதால் “எவரெஸ்ட் சிகரம்” என்றே அதற்குப் பெயர். 22 கேஜ் நீள ஊசியை அங்கே வைத்து, பின்னால் இழுத்துப் பார்த்து, ரத்தம் வராவிட்டால் 1 சதவீத லிக்னோகெயின் 5 மி.லி. மெதுவாக. சரியான இடமென்றால் விந்துப்பை புராஸ்டேட்டிலிருந்து விலகி மேலே எழும்புவது படத்திலேயே தெரியும். எழும்பவில்லையென்றால் மருந்து சுவரிலோ சதைக்குள்ளோ போகிறது, இடம் மாற்ற வேண்டும். மறுபக்கமும் 5 மி.லி. நுனிப்பக்கம் 2, 3 மி.லி. கூடுதலாகப் போடுவோர் உண்டு.

பிறகு, தயவுசெய்து, காத்திருங்கள். குறைந்தது 5 நிமிடம். “பிளாக் போட்டும் கத்தினார்” என்ற புகார்களில் பெரும்பங்கு காத்திராததால் வருவது. அந்த நேரத்தில் கன அளவை அளக்கலாம், படம் எடுக்கலாம், ஃபாரத்தை நிரப்பலாம்.

நுனிப்பக்க வலிக்கு விளக்கம்: ஆசனவாய்க்குள் ஒரு கோடு உண்டு. அதற்கு மேலே சுவருக்குக் கூர்மையான வலியுணர்வு கிடையாது, கீழே தோல் மாதிரி சுரீர் என்னும். நுனியை எடுக்க ஊசி கீழே இறங்கும்போது அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. ஊசி முனையால் சுவரை லேசாக அழுத்தி “குத்துகிறதா, அமுக்குகிற மாதிரி இருக்கிறதா” என்று கேளுங்கள். குத்துகிறது என்றால் கொஞ்சம் மேலே நுழைந்து, புரோபைச் சாய்த்து நுனியைப் பிடிக்கலாம்.

துப்பாக்கி சத்தத்தை முன்பே ஒருதரம் வெறுமனே தட்டிக் காட்டுவதற்குச் செலவில்லை. அந்த “டப்” சத்தத்துக்கே துள்ளுபவர்கள் அதிகம். துள்ளினால் ஊசி வேறெங்கோ போகும்.

மயக்கமருந்து மேசை, 10.09.2025, காலை 5.45

1 சதவீதம் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். அலமாரியில் இருப்பது பெரும்பாலும் 2 சதவீத 30 மி.லி. குப்பி. ஒரு மி.லி.யில் 20 மி.கி. சரிபாதி நார்மல் சலைன் சேர்த்தால்தான் 1 சதவீதம். அட்ரினலின் இல்லாத லிக்னோகெயினுக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 3 மி.கி. என்றும் 4.5 மி.கி. என்றும் இரண்டு கணக்கு உண்டு. 55 கிலோ பெரியவருக்கு முதல் கணக்கில் 165 மி.கி., அதாவது 1 சதவீதத்தில் 16 மி.லி. சொச்சம். 2 சதவீதத்தையே 20 மி.லி. போட்டால் 400 மி.கி., இரண்டு கணக்கிலும் எல்லை தாண்டியாயிற்று. முன்னால் பூசிய ஜெல்லியிலேயே 200 மி.கி. இருக்கிறது, அதில் ஒரு பங்கு ரத்தத்தில் ஏறும்.

உதட்டைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் உலோக ருசி, காதில் ரீங்காரம், திடீரென்று வளவளவென்று பேச்சு. இதில் ஒன்று வந்தாலும் ஊசியை நிறுத்துங்கள். இந்த நச்சை முறிக்கும் 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கரைசல்) எந்த அலமாரியில் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் டோஸ் கிலோவுக்கு 1.5 மி.லி.

ஓ.டி. விளக்கு, 10.09.2025, மதியம் 2.15

ஒப்புக்கொள்கிறேன். எடையைக் கேட்காமல் மி.லி. சொன்னது என் தப்பு.

எரிச்சலைக் குறைக்க ஒரு வழி: லிக்னோகெயின் அமிலத் தன்மை உள்ளது, அதனால்தான் போடும்போது எரிகிறது. 9, 10 மி.லி.க்கு 1 மி.லி. சோடாபைகார்ப் சேர்த்தால் எரிச்சல் நன்றாகக் குறையும். கலந்தவுடன் போட்டுவிட வேண்டும், வைத்தால் திரிந்து வீழ்படிவு விழும்.

ஓ.டி. விளக்கு, 14.09.2025, இரவு 9.00

“பில் ஏற்றும் புதுமுறை”க்கு வருவோம். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தோல் வழியாக ஊசி போகிறது. ஸ்கேன் புரோப் மட்டும் மலக்குடலில். ஊசி மலத்தைத் தொடுவதே இல்லை. தோலைக் கிருமிநீக்கம் செய்ய முடியும், மலக்குடலை முழுதாகச் செய்ய முடியாது. மொத்த வாதமும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டி தோல்வழியையே முதல் தேர்வாக வைக்கிறது. நார்வேயிலும் ஜெர்மனியிலும் 555 பேரிடம் தோல்வழியில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். கொடுக்காதவர்களிடமும் செப்சிஸ் (உடம்பையே உலுக்கும் கடும் தொற்று) இல்லை. அமெரிக்காவில் 658 பேரைப் பிரித்துச் செய்த ஆய்வு 2024இல் வந்தது. ஆன்டிபயாடிக் இல்லாத தோல்வழியில் தொற்று சுழியம், ஸ்வாப் பார்த்து மருந்து கொடுத்த மலக்குடல் வழியில் 1.4 சதவீதம். ஆக, வழி மாறினால் மாத்திரையே வேண்டாம் என்ற நிலைக்கு வந்தாயிற்று.

ஓ.டி. விளக்கு, 15.09.2025, காலை 6.30

ராத்திரி எழுதியதைப் படித்தேன். வக்கீல் வாதமாக இருக்கிறது. இன்னொரு பக்கத்தையும் வைக்க வேண்டும்.

அந்த 658 பேர் ஆய்வில் சுழியத்துக்கும் 1.4க்கும் உள்ள வித்தியாசம் புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தவறவிட்டது. அதே 2024இல் வந்த மற்றோர் அமெரிக்க ஆய்வில் தொற்று தோல்வழியில் 2.7 சதவீதம், மலக்குடல் வழியில் 2.6, கிட்டத்தட்ட சமம். நல்ல தடுப்பு மருந்தும் கவனமான கையும் இருந்தால் மலக்குடல் வழியும் மோசமில்லை என்பதுதான் அதன் அர்த்தம். இந்த எண்களை அப்படியே நம்மூர் ஈ.கோலையிடம் கொண்டுவந்து வைக்க எனக்குத் தயக்கம். அங்கே வேலை செய்யும் தடுப்பு மருந்து இங்கே வேலை செய்யாமல் போகலாம். அதனால் என் சாய்வு இன்னும் தோல்வழிக்கே.

வலியில் தோல்வழிக்குக் கொஞ்சம் பின்னடைவு, மறைப்பதற்கில்லை. மேற்சொன்ன 658 பேர் ஆய்வில் 10க்கு 0.6 புள்ளி கூடுதல், 7 நாளில் வித்தியாசம் மறைந்தது. 2025இல் வந்த பிரிட்டன் ஆய்விலும், 1,126 பேர், செய்யும் நேரத்து வலி தோல்வழியில் அதிகமென்றே சொன்னார்கள். ஆனால் சிகிச்சை தேவைப்படும் புற்றுநோய் தோல்வழியில் 60 சதவீதம் பேரிடமும் மலக்குடல் வழியில் 54 சதவீதம் பேரிடமும் பிடிபட்டது. முன்பக்கத்துக் கட்டியைத் தோல்வழி ஊசி எளிதாக எட்டும்.

செலவு: ஒருமுறை பயன்படுத்தும் ஊசி வழிகாட்டிச் சட்டகம் விலை அதிகம்தான். அது இல்லாமலும் செய்யலாம். பக்கத்துக்கு ஒரு தடித்த வழி ஊசியைத் தோலில் நிறுத்தி, அதற்குள் பயாப்ஸி ஊசியை விட்டு எடுப்பது. தோலில் 12 துளைக்குப் பதில் 2.

ஓ.டி. விளக்கு, 16.09.2025, இரவு 10.20

தோல்வழியில் மரக்கவைக்கும் முறை, கேட்டவர்களுக்கு.

கால்களைத் தூக்கி வைத்த நிலை. விதைப்பையை மேலே தூக்கி பிளாஸ்திரி போட்டு ஒட்டுங்கள், பாதி வசதி அதிலேயே. சவரம் வேண்டாம், கீறலில் கிருமி குடியேறும். முடி தடையாக இருந்தால் கிளிப்பரால் குறைத்தால் போதும். தோலுக்கு போவிடோன், காய விடவும். ஆசனவாய்க்கு சுமார் 1.5 செ.மீ. மேலே, நடுக்கோட்டுக்கு அதே அளவு இருபுறமும் விலகி, மெல்லிய 26 கேஜ் ஊசியால் தோலில் 3 மி.லி. வீதம். பிறகு 22 கேஜ் ஸ்பைனல் ஊசியை ஸ்கேன் பார்த்தபடி விட்டு, இடுப்புத்தளத் தசைக்கும் புராஸ்டேட் நுனிக்கும் நடுவே பக்கத்துக்கு 5 முதல் 8 மி.லி. ஊசி போகும் பாதை முழுக்கச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே போக வேண்டும். தசையை மரக்கவைக்காமல் விட்டால் அதைத் துளைக்கும் ஒவ்வொரு தடவையும் ஆள் இடுப்பைத் தூக்குவார்.

கூட்டிப் பாருங்கள்: 16 முதல் 22 மி.லி. மயக்கமருந்து மேசை போட்ட கணக்கில் 55 கிலோ ஆளுக்கு இடிக்கிறது. தோலுக்கு மட்டும் 0.5 சதவீதமாக நீர்த்துக்கொள்வது ஒரு வழி. அட்ரினலின் கலந்த குப்பியானால் வரம்பு கிலோவுக்கு 7 மி.கி. வரை போகும், இதய நோயாளிகளிடம் யோசித்துச் செய்ய வேண்டும்.

ஓ.டி. விளக்கு, 20.09.2025, மாலை 5.05

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகல். ஆன்டிபயாடிக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறோம், உபகரணம் கழுவுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

2005இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பயாப்ஸி முடித்தவர்களுக்கு வரிசையாக சூடோமோனாஸ் என்ற கிருமியின் தொற்று. விசாரித்தபோது மாட்டியது ஊசி வழிகாட்டிக் குழல். உள்துளையை பிரஷ் விட்டுத் தேய்க்கவில்லை, கிருமிநீக்கம் செய்தபின் குழாய்த் தண்ணீரில் அலசினார்கள். ரத்தமும் சதையும் காய்ந்து ஒட்டிய குழலை எந்தத் திரவத்தில் போட்டாலும் உள்ளே இறங்காது. முதலில் பிரஷ், பிறகு ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்). இல்லையென்றால் ஒருமுறைக் குழல்.

புரோபுக்கு ஆணுறை போட்டாலும் கிருமிநீக்கம் தேவை, ஆணுறை கிழிவது சகஜம். 2 சதவீத குளுட்டரால்டிஹைடில் 20 நிமிடம், அலசுவது ஸ்டெரைல் தண்ணீரில். 5 லிட்டர் கேனிலிருந்து சிறு பாட்டிலில் ஊற்றி ஊற்றி நிரப்பும் ஸ்கேன் ஜெல் இன்னொரு கிருமிப் பண்ணை. பர்கோல்டேரியா என்ற கிருமி அதில் சுகமாக வாழும். ஊசி போகும் இடத்துக்கு ஸ்டெரைல் பொட்டல ஜெல் மட்டும்.

நுண்ணோக்கி, 20.09.2025, மாலை 5.30

அந்தப் பாட்டிலை ஒருநாள் எங்களுக்கு அனுப்புங்கள். ரிப்போர்ட் வந்தபின் ஜெல் செலவைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

ஓ.டி. விளக்கு, 28.09.2025, இரவு 9.45

எல்லாம் செய்தும் காய்ச்சல் வந்தால்? இதை ஒரு சீட்டில் எழுதி நோயாளி கையில் கொடுத்தனுப்புங்கள்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது காய்ச்சல் தெரியாவிட்டாலும் உடம்பு தூக்கிப்போடுகிற குளிர் நடுக்கம். அன்றைக்கே, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி. பெரும்பாலும் முதல் 3 நாளுக்குள் வரும். “பாராசிட்டமால் போட்டு விடியட்டும்” என்பது இதில் ஆபத்தான வைத்தியம். ரத்தத்தில் கிருமி ஏறியவருக்கு ஒரு ராத்திரியில் ரத்த அழுத்தம் விழலாம். பயாப்ஸி செய்த தேதி, கொடுத்த ஆன்டிபயாடிக்கின் பெயர், ஸ்வாப் ரிப்போர்ட் மூன்றும் கையில் இருக்க வேண்டும். தெரியாத ஊர் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தால், சிறுநீர்த் தொற்று என்று நினைத்து மறுபடி சிப்ரோவையே கொடுப்பார்கள். சிப்ரோவைத் தாண்டி வந்த கிருமிக்கு சிப்ரோவே மருந்து!

அங்கே செய்ய வேண்டியது: ரத்தம், சிறுநீர் இரண்டுக்கும் கல்ச்சர் எடுத்துவிட்டு உடனே மெரோபெனம் மாதிரி வலுவான ஆன்டிபயாடிக், கல்ச்சர் வந்தபின் குறுக்கிக்கொள்ளலாம். புராஸ்டேட்டை விரலால் அமுக்கிப் பார்க்கக் கூடாது.

சிறுநீரில் ரத்தம் சில நாள், விந்தில் சில வாரம் வரை நிறம் மாறி வருவது பயப்பட வேண்டியதில்லை. கட்டி கட்டியாக வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ வர வேண்டும்.

தாமிரபரணிக்கரை, 01.10.2025, இரவு 7.20

எனிமாவும் சிப்ரோவும் போச்சு. ஜெல்லியையாவது விட்டுவையுங்கள். அப்புறம், இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்?

ஓ.டி. விளக்கு, 01.10.2025, இரவு 10.30

ஜெல்லி இருக்கட்டும், 10 நிமிடம் ஊறினால் சரி. 75 மி.கி. ஆஸ்பிரினை நிறுத்த வேண்டியதில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல், வார்ஃபரின் வகையறாவை இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டு வரவும் கூடாது. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகாதவரென்றால் பயாப்ஸியைத் தள்ளிவைக்க முடியுமா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஓ.டி. விளக்கு, 02.10.2025, காலை 6.15

03.09 குறிப்பில் ஒரு விடுபடல். அந்த மருந்துப் பட்டியல் மலக்குடல் வழிக்கு. தோல்வழிக்கு ஒன்றுமே இல்லாமலோ, மனசு கேட்காவிட்டால் செஃபாசோலின் 2 கிராம் ஒரே ஊசியோ போதும். எந்த வழியானாலும் பயாப்ஸிக்கு முன் சிறுநீர் கல்ச்சர் பார்த்து, தொற்று இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் ஊசி.

நுண்ணோக்கி, 02.10.2025, காலை 9.10

சிறுநீரையும் வெள்ளிக்கிழமை மாலை அனுப்பாதீர்கள்.